ஓய்வு பெற்ற கணினி சர்வரானால் செலவு எங்கே போகிறது?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்பு உண்டு. அதனால் ஏராளமான கணினிகள் இன்று விசித்திரமான நிலையில் நிற்கின்றன. பொத்தானை அழுத்தினால் ஓடுகின்றன, ஆனால் விண்டோஸ் 11 அவற்றை ஏற்க மறுக்கிறது. அதே ஆண்டின் பிற்பாதியில் ரேம் விலை ஏறத் தொடங்கியதால், புதிய கணினி வாங்கும் எண்ணத்தையும் பலர் தள்ளிப்போட்டார்கள். பழைய கணினியை வீட்டு சர்வராக மாற்றும் பேச்சு சூடுபிடித்தது இந்த இடைவெளியில்தான்.

"இருப்பதைத்தானே பயன்படுத்துகிறோம், செலவே இல்லை" என்று இதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவது பாதி உண்மை. சர்வர் என்பது அணைக்கப்படாத கணினி. அதன் செலவு வாங்கிய அன்றைய ரசீதில் தெரியாது. மணிக்கணக்கில், மாதக்கணக்கில் சேரும். எங்கே சேர்கிறது என்று பார்த்துவிட்டால், கணினி வாங்கும்போது நாம் பழகிய முன்னுரிமை தலைகீழாகிவிடும். பிராசஸர் கடைசி வரிசைக்குப் போகும்; பேக்கப்புக்கான வட்டு முன்னால் வந்து நிற்கும்.

## காலாவதியானது எது?

விண்டோஸ் 11 இரண்டு முக்கிய நிபந்தனைகளை விதிக்கிறது. ஒன்று, குறியாக்கச் சாவிகளைப் பாதுகாக்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. மற்றொன்று, பட்டியலில் இடம்பெற்ற பிராசஸர்: பொதுவாக இன்டெலில் 8-ஆம் தலைமுறை முதல், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை முதல். இந்த வேலியைத் தாண்ட முடியாத கணினியில் எந்தப் பாகமும் பழுதாகிவிடவில்லை. ஓர் இயங்குதளம் அதைக் கைவிட்டது, அவ்வளவுதான்.

லினக்ஸ் இயங்குதளங்கள் இந்த நிபந்தனைகளைக் கேட்பதில்லை. சர்வருக்குப் பரவலாகப் பயன்படும் டெபியனின் ஒவ்வொரு பதிப்புக்கும் மூன்று ஆண்டு முழு ஆதரவும் அதன்பின் இரண்டு ஆண்டு நீட்டித்த ஆதரவும் கிடைக்கின்றன. ஆனால் அங்கும் ஒரு வேலி உண்டு. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-ஐ 32 பிட் கணினியில் நிறுவ முடியாது. அவ்வளவு பழைய இயந்திரத்தை மனவருத்தமில்லாமல் வழியனுப்பிவிடலாம். அது தின்னும் மின்சாரத்துக்கும் அது செய்யும் வேலைக்கும் பொருத்தம் போய் வெகுகாலமாகிறது.

## வீட்டு சர்வர் என்ன செய்கிறது?

கோப்புகளை ஒரே இடத்தில் வைத்து வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் கொடுப்பது, கைபேசிப் படங்களைச் சேகரிப்பது, திரைப்படங்களைத் தொலைக்காட்சிக்கு அனுப்புவது, விளம்பரங்களை வடிகட்டுவது, மற்ற கணினிகளின் பேக்கப்பைப் பெற்று வைப்பது. நெக்ஸ்ட்கிளவுட், ஜெல்லிஃபின், பை-ஹோல் போன்ற இலவச மென்பொருள்கள் இவற்றுக்கு இருக்கின்றன.

இந்தப் பட்டியலில் பிராசஸரை உண்மையாகவே வருத்தும் வேலை ஒன்றுதான்: காணொளியை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு அப்போதைக்கப்போது மாற்றுவது. அதையும் பல இன்டெல் பிராசஸர்களில் உள்ள க்விக் சிங்க் என்ற தனிப் பகுதி ஏற்றுக்கொள்ளும். 2011-இல் வந்த இந்த வசதி, 7-ஆம் தலைமுறையிலிருந்து 10 பிட் எச்இவிசி என்ற சுருக்க முறையிலுள்ள காணொளிகளையும் கையாள்கிறது. மற்ற வேலைகளுக்குப் பத்தாண்டு பழைய பிராசஸரே போதும். நாளின் பெரும்பகுதி அது சும்மாதான் இருக்கப்போகிறது. கணக்கு தொடங்குவதும் அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான்.

## சும்மா இருப்பதற்கு ஆகும் மின்சாரம்

ஓராண்டுக்கு 8,760 மணி நேரம். ஒரு வாட் இடைவிடாமல் ஓடினால் ஆண்டுக்கு 8.76 யூனிட், அதாவது 8.76 கிலோவாட் மணி. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் எந்தக் கருவியையும் நொடியில் எடைபோடலாம்.

கிராபிக்ஸ் கார்டு பொருத்திய பழைய டெஸ்க்டாப் ஒன்று வேலையில்லாத நேரத்தில் 60 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது அரிதான அளவு அல்ல. ஆண்டுக்கு 525.6 யூனிட் ஆகிறது. அலுவலகங்களிலிருந்து கழித்துக்கட்டப்படும் உள்ளங்கை அகல மினி கணினி அதே நேரத்தில் 10 வாட் அளவில் நிற்கும்: 87.6 யூனிட். வித்தியாசம் 438 யூனிட். இதை உங்கள் மின்கட்டண விகிதத்தால் பெருக்கிப் பாருங்கள். வரும் தொகையைப் போல இரண்டு மடங்குக்குள் ஒரு பழைய மினி கணினி கிடைக்குமானால், வீட்டில் 'இலவசமாக'க் கிடக்கும் டெஸ்க்டாப் இரண்டே ஆண்டில் அதைவிட விலை உயர்ந்ததாகிவிடும்.

இந்தக் கணக்கில் பலரைத் தடுமாற வைக்கும் புள்ளிகள் நான்கு.

1. டிடிபி என்ற எண். பிராசஸர் பெட்டியில் 65 வாட், 35 வாட் என்று போட்டிருக்கும். தொடர்ந்து முழு வேலை செய்யும்போது எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கும் என்பதற்கான அளவு அது. ஒரே தலைமுறையைச் சேர்ந்த 35 வாட் வகையும் 65 வாட் வகையும் சும்மா இருக்கும்போது ஏறத்தாழ ஒரே அளவு மின்சாரத்தைத்தான் எடுக்கும். சிக்கனம் என்று நினைத்து 35 வாட் வகைக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர், வேலையை மெதுவாகச் செய்யும் உரிமையை விலைக்கு வாங்குகிறார்.

2. 80 பிளஸ் முத்திரை. எஸ்எம்பிஎஸ், சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ற மின்னழுத்தமாக மாற்றுகிறது. அந்த மாற்றத்தில் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான தரச்சான்று இந்த முத்திரை. தங்கம், டைட்டானியம் என்று அதில் படிகள் உண்டு. ஆனால் சோதனை நடப்பது முழுத் திறனில் 20, 50, 100 விழுக்காடு சுமைகளில். டைட்டானியம் வகைக்கு 10 விழுக்காட்டிலும் நடக்கும். 600 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 20 விழுக்காடு என்றால் 120 வாட். உங்கள் சர்வர் எடுப்பதோ 25 வாட். அந்த இடத்தில் தங்க முத்திரைக்காரர் எப்படி நடந்துகொள்வார் என்று முத்திரை எதுவும் சொல்வதில்லை.

3. தேவையில்லாத பாகங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு படமே காட்டாமல் 10 வாட்டுக்கு மேல் எடுக்கக்கூடும். பிராசஸரிலேயே காட்சி வசதி இருந்தால் கார்டைக் கழற்றிவிடலாம். பெரிய சர்வர்களிலிருந்து வரும் பழைய வட்டுக் கட்டுப்பாட்டு அட்டைகள் இன்னும் மோசம். தாமும் மின்சாரம் எடுக்கும். பல சமயம் பிராசஸரையும் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகவிடாது. லினக்ஸில் பவர்டாப் என்ற கருவி, பிராசஸர் எவ்வளவு நேரம் எந்த ஆழத்தில் உறங்குகிறது என்று காட்டும்.

4. நிறுவனங்கள் கழித்த ரேக் சர்வர்கள். மலிவாகக் கிடைக்கும், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். சும்மா இருக்கும்போதே 100 வாட்டைத் தாண்டுபவை அவற்றில் நிறைய. விசிறிச் சத்தத்தை வீட்டில் ஒரு வாரம் கேட்டவர் மறுபேச்சுப் பேசமாட்டார்.

ஊகத்தைவிட அளவீடு நம்பகமானது. சுவர் சாக்கெட்டுக்கும் பிளக்குக்கும் நடுவே பொருத்தும் சிறிய வாட் மீட்டர் ஒன்று போதும். சர்வருக்காகச் செலவிடும் முதல் பணம் இதற்கே போகவேண்டும் என்பேன். எந்தப் பாகத்தைக் கழற்றினால் எவ்வளவு குறைகிறது என்று கண்ணெதிரே தெரிந்துவிடும்.

## வட்டு: பணம் சேரவேண்டிய இடம்

வீட்டு வலையமைப்பு பெரும்பாலும் ஒரு கிகாபிட் வேகம். பைட்டுக்கு மாற்றினால் வினாடிக்கு அதிகபட்சம் 125 மெகாபைட். இன்றைய சாதாரண ஹார்டு டிஸ்க்கே தொடர் வாசிப்பில் இதைவிட வேகமாகக் கொடுக்கும். ஆகவே கோப்புகளைச் சேமிக்க விரைவான என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்குவது, ஒற்றையடிப் பாதையில் ஓட்டப் பந்தயக் கார் வாங்குவதற்குச் சமம். இயங்குதளத்துக்குச் சிறிய எஸ்எஸ்டி, கோப்புகளுக்கு ஹார்டு டிஸ்க் என்ற பிரிவினைதான் சிக்கனம். 3.5 அங்குல வட்டு ஒன்று சும்மா சுழல்வதற்கு 5 வாட் அளவில் எடுக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்: ஆண்டுக்கு 43.8 யூனிட். நான்கு சிறிய வட்டுகளுக்குப் பதில் ஒரு பெரிய வட்டு என்பதற்கு மின்கட்டணமே ஒரு வாதம்.

வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வி: சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா? முதல் வகையில் தரவுத் தடங்கள் தனித்தனியாக இருக்கும். இரண்டாவதில் கூரை ஓடுகள் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். அதனால் ஓர் இடத்தை மாற்றி எழுத அடுத்த தடங்களையும் மறுபடி எழுதவேண்டும். படங்களைப் போட்டு வைக்க எஸ்எம்ஆர் பரவாயில்லை. பழுதான வட்டை மாற்றியபின், பல வட்டுகளை ஒன்றாக இயக்கும் ரெய்டு அமைப்பை மீண்டும் கட்டும்போது அது திணறும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில், வலைச் சேமிப்பகங்களுக்கென்றே விற்கப்பட்ட சில வட்டுகள் எஸ்எம்ஆர் வகை என்பது சொல்லப்படாமலேயே விற்பனையானது வெளிவந்து பெரும் சர்ச்சையானது.

மின்சாரத்தை மிச்சப்படுத்த வட்டை அடிக்கடி நிறுத்தும் அமைப்பிலும் ஒரு கண்ணி உண்டு. வட்டின் தலைப்பகுதி ஒதுங்கித் திரும்பும் சுற்றுக்கு எண்ணிக்கை வரம்பு இருக்கிறது. பல வட்டுகளில் 3 லட்சம். அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒதுங்கினால் ஒரு நாளில் 2,880 சுற்று. மூன்றரை மாதத்தில் வரம்பு தீர்ந்துவிடும். வட்டை நிறுத்துவதானால், ஒருமணி நேரம் யாரும் தொடாவிட்டால் நிறுத்து என்கிற அளவில் அமைப்பதே தகும்.

### வட்டு தானே சொல்லும் செய்தி

ஒவ்வொரு வட்டும் ஸ்மார்ட் என்ற உடல்நலப் பதிவேட்டை உள்ளே வைத்திருக்கிறது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருள் அதைப் படித்துக் காட்டும். வரிசை வரிசையாக எண்கள் வந்து மிரட்டும். ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. கீழுள்ள ஐந்து வரிகளைப் பார்த்தால் போதும்.

- 5: கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகள். ஒன்றிரண்டில் நின்றுவிட்டால் கவனித்தால் போதும். வாரந்தோறும் ஏறினால் வட்டை மாற்றவேண்டும்.
- 197, 198: படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள், திருத்த முடியாதவை. பூஜ்யத்தைத் தாண்டினால் அன்றே பேக்கப்பைச் சரிபார்க்கவேண்டும்.
- 199: பரிமாற்றப் பிழைகள். இது ஏறினால் குற்றவாளி பெரும்பாலும் வட்டை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள். இதைத் தெரியாமல் நல்ல வட்டைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.
- 9: வட்டு ஓடிய மொத்த மணி. பழைய வட்டு வாங்கும்போது முதலில் பார்ப்பது.

கடைசி எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பமுடியாது. தரவு மையங்களில் ஆண்டுக்கணக்கில் ஓடிய சீகேட் வட்டுகள், மணிக்கணக்கு அழிக்கப்பட்டுப் புதியவை என்ற பெயரில் கைமாறியது 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் அம்பலமானது. அவ்வகை வட்டுகளில் ஃபார்ம் என்ற இரண்டாவது பதிவேடும் இருந்ததால்தான் மோசடி பிடிபட்டது. ஸ்மார்ட்மான்டூல்ஸின் அண்மைப் பதிப்புகள் அதையும் படிக்கும்.

### ரெய்டு வேறு, பேக்கப் வேறு

பல வட்டுகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் முறை ரெய்டு. பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988-இல் எழுதிய கட்டுரையில் அந்தப் பெயரின் 'ஐ' எழுத்து 'மலிவான' என்ற சொல்லைக் குறித்தது. பின்னாளில் தொழில்துறை அதைத் 'தனித்தனியான' என்று மாற்றிக்கொண்டது. மலிவு என்று சொல்லி விலையேற்றி விற்பது சங்கடம் போலும்.

ரெய்டு காப்பாற்றுவது ஒரே ஒரு விபத்திலிருந்து: வட்டு செத்துப்போனாலும் சர்வர் நிற்காமல் ஓடும். தவறுதலாக அழித்த கோப்பு எல்லா வட்டிலும் ஒரே நேரத்தில் அழியும். பணயம் கேட்கும் வைரஸ் எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டும். எஸ்எம்பிஎஸ் வெடித்தால் வட்டுகள் கூட்டாகவே போகும். வீட்டில் சர்வர் ஒரு நாள் நின்றால் குடி முழுகிவிடாது. படங்கள் அழிந்தால்தான் இழப்பு. அதனால் இரண்டு வட்டுகளுக்கு மட்டுமே பணம் இருந்தால், இரண்டாவதை ரெய்டில் சேர்க்காமல் பேக்கப்புக்கு ஒதுக்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது பரவலான விதி. ரெஸ்டிக், போர்க்பேக்கப் போன்ற கருவிகள் மாறிய பகுதியை மட்டும் குறியாக்கம் செய்து சேர்ப்பதோடு பழைய நிலைகளையும் வைத்திருக்கும். குறியாக்கம் இருப்பதால் வெளிப் பிரதியை உறவினர் வீட்டு அலமாரியில்கூடத் துணிந்து வைக்கலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்புறையை மீட்டுத் திறந்து பார்க்கவேண்டும். மீட்டுப் பார்க்காத பேக்கப், எழுதாத தேர்வில் எதிர்பார்க்கும் மதிப்பெண்.

## மின்சாரம் போகும்போது

திடீர் மின்தடை, எழுதிக்கொண்டிருக்கும் கோப்பைப் பாதியில் விட்டுவிடும். யுபிஎஸ்ஸின் வேலை சர்வரை நெடுநேரம் ஓட வைப்பதைவிட, ஒழுங்காக அணைய அவகாசம் கொடுப்பது. யுஎஸ்பி கேபிள் வழியே அது சர்வருக்குச் செய்தி சொல்லவேண்டும். லினக்ஸில் நட் என்ற மென்பொருள் அதைக் கேட்டு முறைப்படி அணைக்கும். கேபிள் இணைக்காத யுபிஎஸ் பாதி யுபிஎஸ்தான்.

சிறிய யுபிஎஸ்களில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரியில் 84 வாட் மணி ஆற்றல் உண்டு. மாற்றத்தில் வீணாவது போகவும், 25 வாட் எடுக்கும் சர்வரும் ரவுட்டரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். 100 வாட் டெஸ்க்டாப்புக்கு அரை மணி கிடைத்தாலே பெரிது. குறைவாகத் தின்னும் கணினி இங்கேயும் பணத்தை மிச்சப்படுத்துகிறது. ஈய அமில பேட்டரியின் ஆயுள் மூன்று முதல் ஐந்து ஆண்டு. சுற்றுப்புற வெப்பம் பத்து டிகிரி கூடினால் அது ஏறத்தாழப் பாதியாகும்.

திரை உடைந்த மடிக்கணினிக்கு இந்த இடத்தில் மரியாதை உண்டு: குறைந்த மின்சாரம், உள்ளேயே பேட்டரி. எப்போதும் முழுச் சார்ஜில் இருந்தால் லித்தியம் பேட்டரி உப்பத் தொடங்கக்கூடும். பயாஸிலோ (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) இயங்குதளத்திலோ 60 அல்லது 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தவேண்டும். டச்பேட் மேலெழும்பி வந்தால் பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்திக் கழற்றிவிடவேண்டும்.

## பழுதும் பராமரிப்பும்

தூசி தட்டுவது, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவது எல்லாரும் அறிந்தவை. காற்று அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும். கட்டுமீறிச் சுழன்றால் அதன் தாங்கி கெடும்.

அவ்வளவாகப் பேசப்படாதது மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி. அது தீர்ந்தால் கடிகாரம் பின்னோக்கிப் போகும் என்பது தெரிந்ததே. பல பலகைகளில் பயாஸ் அமைப்புகளும் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். 'மின்சாரம் வந்ததும் தானே இயங்கு' என்று போட்டிருந்த அமைப்பும் அதோடு போகும். மறுமுறை மின்தடைக்குப் பின் சர்வர் எழாமல் கிடக்கும்; நீங்கள் வெளியூரில் இருப்பீர்கள். காசு குறைந்த ஒரு பாகம் செய்யும் வேலை இது.

எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் சிக்கனம் கூடாது. தான் சாகும்போது மற்ற பாகங்களையும் இழுத்துக்கொண்டு போகக்கூடியது அதுதான். பத்தாண்டு ஓடியதை மாற்றிவிடுவது நல்லது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் மின்னேற்றம் நிற்கும் என்பதால் உள்ளே திறக்கவே கூடாது.

## ரேம்: இப்போது வாங்கலாமா?

செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான நினைவகத்தின் பக்கம் உற்பத்தியாளர்கள் திரும்பியதால் சாதாரண ரேமுக்கு நெருக்கடி வந்தது. 2025 டிசம்பரில் மைக்ரான், நுகர்வோருக்கான தன் குரூஷியல் வணிகத்தை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 'பழைய கணினிக்குக் கொஞ்சம் ரேம் போட்டால் போதும்' என்ற மலிவு யோசனை அதனால் மலிவாக இல்லை.

நல்ல வேளையாக, வீட்டு சர்வருக்கு நிறையத் தேவைப்படுவதில்லை. கோப்புப் பகிர்வுக்கும் விளம்பர வடிகட்டிக்கும் 4 ஜிபி போதும். படங்களில் முகம் தேடும் மென்பொருளோ பல மெய்நிகர் கணினிகளோ வேண்டுமென்றால் 8, 16 என்று போகலாம். ஒரு டெராபைட் வட்டுக்கு ஒரு ஜிபி ரேம் கட்டாயம் என்று இசட்எஃப்எஸ் கோப்பமைப்பைப் பற்றிச் சொல்வது செவிவழி விதி. குறைவாக இருந்தாலும் அது ஓடும், தற்காலிக நினைவகம் சுருங்கும். மலிவு விளம்பரங்களில் ஒரு பொறியும் இருக்கிறது: ஆர்டிம் வகை சர்வர் ரேம் பார்க்க டெஸ்க்டாப் ரேம் போலவே இருக்கும், சாதாரண மதர்போர்டில் வேலை செய்யாது.

## வெளியிலிருந்து திறப்பது

ரவுட்டரில் போர்ட் திறந்து சர்வரை நேரடியாக இணையத்துக்குக் காட்டுவது வேண்டாம். அதற்குப் பதில் விபிஎன், அதாவது வெளியிலிருந்து வீட்டு வலையமைப்புக்குள் வரும் குறியாக்கப் பாதை போதும். வயர்கார்டு என்ற விபிஎன், 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 முதல் அதன் கெர்னலிலேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) இருக்கிறது. பழைய பிராசஸருக்கும் பாரமில்லை. ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனம் பலருக்கு ஒரே முகவரியைப் பங்கிடுகிறது என்று பொருள். அப்போது ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை வழியாகவோ டெயில்ஸ்கேல் போன்ற இடைச்சேவை வழியாகவோதான் வீட்டுக்குள் வரமுடியும்.

## 24 மணி நேரமும் ஓடவேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கடைசியில்தான் கேட்கிறோம். விளம்பர வடிகட்டி நிற்கக்கூடாது. பேக்கப் வாங்கும் கணினிக்கு அந்த அவசரம் கிடையாது. பயாஸில் உள்ள அலாரம் வசதியாலோ, வலையமைப்பு வழியே எழுப்பும் வேக்-ஆன்-லேன் வசதியாலோ இரவில் அதை எழுப்பி, வேலை முடிந்ததும் தானே அணையச் செய்யலாம். மினி கணினி ஒன்று எப்போதும் விழித்திருக்க, அந்த 60 வாட் பழைய டெஸ்க்டாப் இரவுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் எழுந்து பிரதி எடுத்துக்கொண்டு உறங்கினால், அதற்கு ஆண்டுக்கு ஆகும் மின்சாரம் 43.8 யூனிட். ஒரே ஒரு ஹார்டு டிஸ்க் ஆண்டு முழுவதும் சும்மா சுழல்வதற்கு ஆகும் அதே அளவு.